தார்மணலும் தாராக்களும்

சித்திரக்கதை என்றதும் அதனைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடும் பழக்கம் நம் ஆசிரியரிடையே இன்னும் உண்டு. அப்பழக்கத்தினால், கனடிய ஓவியரான கேற் பீற்றன் 2022 இல் வெளியிட்ட ‘தாராக்கள்’ என்னும் நூலை நாம் படியாது விடுவோமாயின், நமது காலத் தொழிலாளர் வாழ்வு பற்றி எழுந்த நேர்மையான ஆக்கங்களுள் ஒன்றை இழந்தவராவோம்.

கனடாவின் கீழ்க்கரையிலுள்ள கேப் பிரெற்றன் தீவு ஒருகாலத்தில் நிலக்கரிக்கும் உருக்குக்கும் பேர்பெற்றது. 2001 இல் அங்கிருந்த உருக்காலையும் அரசுக்குச் சொந்தமான கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டன. அத்தீவிற் பிறந்த பீற்றன் 2005 இல் ஒரு கையிற் பட்டமும் மறுகையிற் படிப்புக்கடனுமாகப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். கடன் தீர்க்க அவர் சென்ற இடம், அல்பேர்ட்டா மாகாணத்தின் அதபாஸ்கா எண்ணெய்மணற் பிரதேசம்.

இம்மணலிலிருந்து எண்ணெய் தானாகப் பீறிடுவதில்லை. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கே அதில் தார்போன்ற பிற்றுமின். ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டு தொன் மணலைத் தோண்டி, வெந்நீரிற் கழுவிப் பிரித்தல் வேண்டும். 1967 முதல் பேரளவில் நடைபெற்றுவரும் இத்தொழிலுக்குப் பெருமூலதனம் மட்டும் போதாது. குடும்பத்தைப் பிரிந்து, கடுங்குளிரில், முகாம்களில் மாதக்கணக்கில் தங்க ஆயத்தமான மனிதரும் வேண்டும். எடுக்கப்படும் எண்ணெயின் பெரும்பகுதி ஐக்கிய அமெரிக்காவுக்கே செல்கிறது. பசிபிக் கரைக்குச் செல்லும் குழாய்வழி 2024 இல் விரிவாக்கப்பட்ட பின்னரும் இந்நிலை அடிப்படையில் மாறவில்லை.

மென்மயிர்த்தோல் வாணிகத்தை ஆராய்ந்து 1930 இல் நூலெழுதிய பொருளியலறிஞர் ஹரல்ட் இனிஸ், ஒரு மூலப்பொருளின் ஏற்றுமதி நாட்டின் அமைப்பு முழுவதையும் எவ்வாறு தன்பால் வளைக்கிறது என்பதைக் காட்டினார். பீற்றன் கோட்பாடு எதுவும் பேசுபவரல்லர். எனினும் அவர் வரைந்த முகாமின் உணவுச்சாலையில் ஒலிக்கும் கீழ்க்கரைப் பேச்சைக் கேட்கும்போது, எண்ணெயை ஏற்றுமதி செய்யும் மாகாணத்திற்கு, தொழிலற்றுப்போன மாகாணங்கள் தம் மக்களை ஏற்றுமதி செய்கின்றன என்பது நமக்குத் தெளிவாகிறது.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை, கருவிகளை எடுத்துக் கொடுக்கும் களஞ்சியத்தில். புதிதாக வந்த பெண்ணைப் பார்ப்பதற்கென்றே ஆண்கள் அங்கு வரிசையில் நிற்கின்றனர். கேலி நாளடைவில் தொல்லையாகிறது. பின்னர் பாலியல் வன்முறையாகிறது. அதனைக் கூறுமிடத்தில் ஆசிரியை நம் இரக்கத்தைக் கோரவுமில்லை, அம்மனிதரை அரக்கராகத் தீட்டவுமில்லை. அவர்களது பேச்சில் தம் ஊர் ஆண்களின் குரலையே அவர் கேட்கிறார். இது குற்றத்திற்குச் சாக்குத் தேடும் தாராளவாதம் எனச் சில நண்பர்கள் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. குற்றம் குற்றமாகவே நிற்கிறது. ஆயின், குடும்பத்தையும் ஊரையும் அறுத்தெறிந்து மனிதரை வெறும் உழைப்புச் சக்தியாகக் குவித்து வைக்கும் ஏற்பாடும் அவர்களோடு குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறது. தனிப்பட்ட தீயவரைக் காட்டி முடிக்கும் நாவல்கள் பலவற்றுக்கு இத்துணிவு வாய்த்ததில்லை.

குறையும் உண்டு. களஞ்சியத்திலிருந்து பார்த்தால் தொழிலாளி தெரிகிறான், மேற்பார்வையாளன் தெரிகிறான், பங்குதாரன் தெரிவதில்லை. எண்ணெயின் விலையை நிருணயிப்போர் யார், அரசுக்குரிய பங்கு எவ்வளவு என்ற வினாக்கள் நூலுள் எழவேயில்லை. அனுபவத்தின் எல்லையையே நூலின் எல்லையாகக் கொண்டதன் விளைவு இது. அதனினும் பெரிய குறை, அம்மண்ணின் ஆதிக்குடிகள் பிற்பகுதியிற் சில பக்கங்களிலே மட்டும் தோன்றுவது. அகழிகளுக்கு அயலிலேயே அவர்களது போர்ட் மக்கே கிராமம் உள்ளது.

நூலின் பெயருக்குக் காரணமான நிகழ்ச்சி 2008 ஏப்பிரலில் நடந்தது. சின்குறூட் நிறுவனத்தின் கழிவுநீர்க் குளமொன்றில் இறங்கிய தாராக்கள் எண்ணெய்ப் படலத்திற் சிக்கி மாண்டன. உலகப் பத்திரிகைகள் எழுதின; இறந்தவை 1,600 க்கு மேலென எண்ணப்பட்டன; வழக்கு நடந்து, 2010 இல் நிறுவனம் ஏறத்தாழ முப்பது இலட்சம் டொலர் செலுத்த வேண்டியதாயிற்று. முகாம்களில் போதைக்கும் தனிமைக்கும் இரையாகிச் சிதைந்தவர்களை எவரும் அவ்வாறு எண்ணிப் பார்த்ததில்லை என்பதைப் பீற்றன் வெளிப்படையாகச் சொல்லவில்லை. தலைப்பை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

ஆங்கிலம் அறிந்த உயர்வகுப்பு மாணவர் கையில் இந்நூலைத் துணிந்து கொடுக்கலாம். வன்முறை பற்றிய பக்கங்களை ஆசிரியர் முன்னரே படித்துவைத்துக்கொள்வது நன்று. வகுப்பிற் கேள்விகள் எழும்.