மருட்கையும் அச்சமும்: மலைப்பயண எழுத்துக்கள் குறித்து ஒரு நோக்கு

பெருங்காட்சி ஒன்றின் முன் மனிதன் அடையும் வியப்பைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மருட்கை எனப் பெயரிட்டு, எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள். அச்சம் அங்கு தனியான வேறொரு மெய்ப்பாடாகும். மேலைநாட்டு அழகியலிலோ இவ்விரண்டும் பிணைக்கப்பட்டன. 1757இல் வெளிவந்த எட்மண்ட் பர்க்கின் நூல் அச்சத்தையே பெருவியப்பின் மூலமாகக் கொண்டது. ஆயினும் ஒரு நிபந்தனையை அவர் விதித்தார்: ஆபத்து மிக அண்மையில் நெருக்குமாயின் இன்பம் தோன்றாது, விலகி நிற்பவனுக்கே அது கிட்டும்.

மலைப்பயண எழுத்துக்களை மதிப்பிடுவதற்கு இந்நிபந்தனை நல்லதோர் உரைகல். வியந்து எழுதுபவன் எங்கே நின்று எழுதுகிறான் என்ற வினாவை அது எழுப்புகிறது.

சப்பிரகமுவாவின் எல்லையில் 2,243 மீற்றர் உயர்ந்து நிற்கும் சிவனொளிபாதமலை பற்றிய பயணக் கட்டுரைகளை நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்துள்ளமை புலனாகும். இரவு ஏற்றம், குளிர், உச்சியில் சூரியோதயம், மேகத்தின்மீது விழும் மலையின் முக்கோண நிழல் என்பனவே அவற்றின் உள்ளடக்கம். அடிவாரத்துத் தோட்டங்கள் பச்சைக் கம்பளமாக மட்டுமே இடம்பெறுகின்றன. அவ்விடியற்பொழுதில் இறப்பர் மரங்களுக்கிடையே பால்வெட்டச் செல்பவரும், சரிவில் கொழுந்து பறிக்கப் புறப்படுபவரும் அக்காட்சிக்குள் வருவதில்லை. வந்தாலும், நிலத்தோற்றத்தின் ஓர் அலங்காரமாகவே வருகின்றனர்.

இவர்களுக்கு மலை விலகி நிற்கும் பொருளன்று. 2016 மே 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதே நாளில் புலத்கொஹுபிட்டியப் பகுதித் தோட்டமொன்றில் லயங்களின்மீதும் மண் சரிந்து உயிர்களைப் பலிகொண்டது. பர்க் கூறிய இடைவெளி, லயத்தில் வாழ்பவனுக்கு வழங்கப்படவில்லை. ஆகவே, அந்த இடைவெளி வெறும் மனநிலை சார்ந்ததன்று. அது வாழ்நிலை சார்ந்த ஒரு சலுகையுமாகும்.

எனினும், இதிலிருந்து உழைப்பவனுக்கு இயற்கை பற்றிய வியப்பே இல்லையென முடிவு கட்டுவது பிறிதொரு தவறாகும். முற்போக்கு விமர்சனத்திலும் இத்தவறு நிகழ்வதுண்டு. துன்பத்தின் சான்றாக மட்டும் ஒரு மக்கட் கூட்டத்தைக் காண்பது, அலங்காரமாகக் காண்பதைப் போலவே அவர்தம் அகவாழ்வை மறுப்பதாகும். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரையுள்ள யாத்திரைக் காலத்தில் தோட்டத் தமிழரும் இம்மலையில் ஏறுகின்றனர். அன்றாடம் சரிவுகளில் ஏறியிறங்கும் அதே கால்கள், வேலையின் பொருட்டன்றி அன்று ஏறுகின்றன.

இவ்விடத்தில் ஜோன் டேவியின் குறிப்பு கவனத்திற்குரியது. இராணுவ மருத்துவரான அவர் 1817இல் இம்மலையில் ஏறி, அவ்வனுபவத்தை 1821இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். அன்று இங்கு பெருந்தோட்டங்கள் தோன்றியிருக்கவில்லை. உச்சியில் வழிபாடு முடிந்ததும் மனைவியர் கணவரையும், பிள்ளைகள் பெற்றோரையும், இளையோர் முதியோரையும் வணங்கியதையும், ஒத்த வயதினர் வெற்றிலை மாற்றிக்கொண்டதையும் அவர் கண்டு எழுதினார். அந்நியராயினும், காட்சியோடு நின்றுவிடாது மனிதரையும் கண்டமை அவர் எழுத்தின் வலிமை எனலாம்.

அவர் கண்ட யாத்திரிகர்தம் மருட்கை, தனியொருவன் விலகி நின்று துய்க்கும் இன்பமன்று. மலையின் பெருமைமுன் தம் சிறுமையை உணர்ந்தோர், உடனே ஒருவரையொருவர் நோக்கித் திரும்பினர். பெருமையையும் சிறுமையையும் ஒருங்கே மருட்கையின் நிலைக்களன்களாக வைத்த தமிழ் மரபுக்கு இவ்வனுபவம் அந்நியமானதன்று.

மலையேற்றமும் நடைபயணமும் பெருகிவரும் இக்காலத்தில் பயண எழுத்தும் பெருகுகின்றது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால், உச்சியிலிருந்து நோக்கும் கண், அடிவாரத்து லயங்களில் வாழ்பவரும் அதே மலையை நோக்குகின்றனர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். அவர்தம் அச்சத்தையும் மருட்கையையும் ஒருசேர ஏற்கும் எழுத்தே மலையை முழுமையாகக் கண்ட எழுத்தாகும்.