மலையக எழுத்தும் நூலகரின் புதிய கருவிகளும் — ஒரு திறனாய்வு நோக்கு

கணினியும் இணையமும் சமூக ஊடகங்களும் நூலகத்துறையினுட் புகுந்தமை பற்றிக் கருத்துரைப்போர் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிந்து நிற்கக் காணலாம். அச்சு நூலின் காலம் முடிந்துவிட்டது, இனி எல்லாம் திரையிலேயே என்பர் ஒரு சாரார். இவை வாசிப்பைக் குலைக்க வந்த கேடுகள் என்பர் மறு சாரார். இவ்விரு கருத்துகளும் கருவியை மாத்திரம் நோக்கி எழுந்தவை. அக்கருவி எந்தச் சமூகத்தில், எவர் கையில், எத்தேவையை நிறைவு செய்யப் பயன்படுகின்றது என்பதை நோக்கி எழுந்தவையல்ல. ஹற்றன், நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய தேயிலைப் பிரதேசங்களை நிலைக்களனாகக் கொண்டு இவ்விடயத்தை ஆராயுமிடத்துப் பிரச்சினை முற்றிலும் வேறானதொரு வடிவம் பெறுகின்றது. அங்கு நூலகர் புதிய கருவிகளைக் கற்பது, சிதறிக் கிடக்கும் ஒரு மக்கட் கூட்டத்தின் எழுத்துச் சான்றுகள் நிலைபெறுமா, அழியுமா என்னும் வினாவோடு பிணைந்துள்ளது.

மலையக மக்களின் வரலாற்றிற் கடதாசி வகித்த இடம் தனித்து நோக்கற்பாலது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குச் செல்லும்போது அவன் பட்ட கடனைக் குறித்து நின்றது ‘துண்டு’ என்னும் சீட்டு. 1921ஆம் ஆண்டு ஒழிக்கப்படும் வரை அது அவனைக் கட்டிப் போட்டிருந்தது. அவனது நாட்பேரைத் தோட்டத்துச் செக்ரோல் தீர்மானித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தமைக்கோ தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்கோ சான்று கோரியபோது, அத்தகைய சான்றினைக் காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். அவர்களைப் பற்றிப் பிறர் எழுதி வைத்த ஏடுகள் அலுவலகங்களிலே பேணப்பட்டன. அவர்கள் தாமே எழுதியவையும் பாடியவையும் பேணுவாரற்றுப் போயின. மலையகத்தில் நூலகப் பணியை மதிப்பிட முற்படும் எவரும் இம்முரண்பாட்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இலங்கையிற் பொது நூலகங்களை நடத்தும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களைச் சார்ந்தது. ஆயின் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் வாழ்வோருக்குப் பிரதேச சபைகள் தமது நிதியைக் கொண்டு சேவையாற்றுவதற்குத் தடையாக இருந்தது. 2018ஆம் ஆண்டிலேயே இதற்குத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்யும் உரிமை பெற்ற பின்னரும், அச்சபை அமைக்கக் கூடிய வாசிகசாலையைத் தம் லயத்தருகே கோரும் வழி அம்மக்களுக்கு மூன்று தசாப்தங்களாக அடைபட்டிருந்தது. நகரத்து நூலகம் மலைச்சரிவின் கீழே, பஸ் தரிப்பிடத்துக்கு அப்பால் இருந்தது. மாலைவரை கொழுந்து பறித்துத் திரும்பும் பெண்ணுக்கு அதன் கதவு திறந்திருக்கும் நேரம் ஒத்துவருவதில்லை. புதிய கருவிகள் இப்பிரதேசத்தில் எழுப்பும் எதிர்பார்ப்புக்கு இதுவே சமூக அடிப்படையாகும்.

மலையக எழுத்தின் இயல்பையும் கருத்திற் கொள்ளுதல் அவசியம். 1869இல் அச்சேறிய ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ முதலாக, கோ. நடேசய்யர் 1921இல் நடத்திய ‘தேசநேசன்’, 1924இல் தொடங்கிய ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளும், அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளர் கூட்டங்களிற் பாடிய பாடல்களும், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்களும், கண்டியிலிருந்து வெளிவந்த ‘மலைமுரசு’ போன்ற சஞ்சிகைகளும் இவ்விலக்கியத்தின் அடித்தளமாக அமைந்தன. ‘வீரகேசரி’யின் தோட்ட மஞ்சரிப் பக்கம் வளர்த்தெடுத்த ஊக்கமும், 1971இல் வெளியான ‘கதைக்கனிகள்’ தொகுப்பும் பின்வந்த கட்டத்தைக் குறிப்பன. இவற்றுட் பல தடித்த அட்டையிட்டு நூலக அடுக்கில் நிற்கத்தக்க நூல்கள் அல்ல. ஒரு நாள் வாசித்து மறுநாள் பொட்டலம் மடிக்கப்படும் தாள்கள். தெளிவத்தை ஜோசப் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மலையகச் சிறுகதை வரலாறு’ போன்றதொரு நூலைப் பழைய பத்திரிகைகளின் துணையின்றி எவரும் எழுத முடியாது. அத்தாள்கள் அழியுமாயின் அடுத்த திறனாய்வாளன் முன்னவர் கூற்றைத் திருப்பிச் சொல்வதன்றி அதனைச் சோதிக்க வழியற்றவன் ஆவான்.

இத்தேவையை ஓரளவு உணர்ந்து தோன்றியவையே தமிழ் மின்னூல் முயற்சிகள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பண்டைய இலக்கியங்களைத் தட்டெழுதி இணையத்தில் இட்டது. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் நோக்கமாகக் கொண்டு 2005ஆம் ஆண்டில் ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் தன்னார்வலரால் உருவாக்கப்பட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியூட்டப்பட்டதன் நினைவு அம்முயற்சியின் பின்னணியில் நின்றது என்பதில் ஐயமில்லை. இவற்றோடு, நூலகர் என். செல்வராஜா 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் ‘நூல்தேட்டம்’ என்னும் நூல் விபரப்பட்டியலையும் சேர்த்து எண்ணுதல் தகும். ஒவ்வொரு தொகுதியிலும் ஆயிரம் நூல்கள் பற்றிய குறிப்புகளைத் தரும் அது, கணினித் திரையின் பின்னாலும் நூலகரின் பழைய கலையே இயங்க வேண்டும் என்பதற்குச் சான்றாகும்.

‘நூலகம்’ மின்னூலகத்தின் சிறப்பு அது ஏற்றிய பக்கங்களின் தொகையில் மாத்திரம் அடங்குவதன்று. ஓர் இதழின் பக்கங்களைப் படமாக இடுவதோடு நில்லாது, அதன் பொருளடக்கத்தையும், எழுதியோர் பெயரையும், வெளியீட்டாளர், ஆண்டு ஆகியவற்றையும் தட்டெழுதித் தருகின்றது. படமாக உள்ள பக்கத்தை எழுத்துணரி கொண்டு பெயர்த்தாலன்றித் தேடுபொறி வாசிக்க இயலாது. தட்டெழுதிய விபரமே அப்படத்தைத் தேடுவோன் கண்ணிற் படச் செய்கிறது. ஓரங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் தரத்தில் ஒளிவருடி எடுக்கப்பட்ட தெளிவான படமாயினும், விபரக் குறிப்பு இல்லையெனில் அது பூட்டிய அலுமாரியில் உள்ள நூலுக்கு ஒப்பாகும்.

இங்கேதான் மலையகம் தனக்கேயுரிய சிக்கலை முன்வைக்கின்றது. அது பெயர் பற்றிய சிக்கல். இம்மக்களைக் குறிக்க மலையகத் தமிழர், மலைநாட்டுத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர், தோட்டத் தொழிலாளர் எனப் பல பெயர்கள் காலத்துக்கும் அரசியலுக்கும் ஏற்ப வழங்கி வந்துள்ளன. ஒரு பெயரின் கீழ்த் தேடுவோனுக்கு மறு பெயரின் கீழுள்ளவை புலப்படா. தோட்டங்களுக்கோ ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று என இரட்டைப் பெயர்கள் உண்டு. கதையில் வருவது பின்னது, அரச ஆவணத்தில் வருவது முன்னது. சி. வி. வேலுப்பிள்ளையின் ஆக்கங்களுள் ஒரு பகுதி ஆங்கிலத்திலும், மற்றொரு பகுதி தமிழிலும், பிறிதொரு பகுதி 1969இல் சக்தீ பாலையா தந்த ‘தேயிலைத் தோட்டத்திலே’ போன்று பெயர்ப்பாகவும் கிடைக்கின்றன. இவை யாவும் ஒருவர் படைப்பே என்பதையும், அவரே 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர் என்பதையும் இயந்திரம் தானாக அறியாது. பெயர்களை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டும் பணி, அப்பிரதேசத்தை அறிந்த நூலகருக்கே இயல்வது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட நூற்பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையும் இதனுள் அடங்கும். மாற்றாதவிடத்து அப்பட்டியல் தேடுபொறிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும்.

சமூக ஊடகங்களின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் நியாயமன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டது. அதன்வழிச் சென்றோருட் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி முதலிய இடங்களில் மீண்டும் தேயிலைத் தோட்டங்களிலேயே குடியேறினர். அவர்கள் பெட்டிகளிற் கொண்டு சென்ற புகைப்படங்களும் கடிதங்களும், நினைவிற் கொண்டு சென்ற பாடல்களும் ஹற்றனில் இல்லாதவை. முகநூலில் இடப்படும் பழைய பாடசாலைப் புகைப்படம் ஒன்றில் நிற்போரைக் கூடலூரிலுள்ள முதியவர் அடையாளங் காட்டுதல் இன்று இயலக்கூடிய செயல். ஒரு சஞ்சிகையின் காணாமற்போன இதழைத் தேடி வாட்ஸ்அப் குழுவில் விடுக்கும் வேண்டுகோள் கடல் கடந்தும் செல்லும். நாட்டார் பாடலைப் பொறுத்தவரை பயன் இன்னும் பெரிது. சி. வி. வேலுப்பிள்ளையும் சாரல்நாடனும் தொகுத்து அச்சிட்ட பாடல்களிற் சொல் உண்டு, இசை இல்லை. இன்று ஒரு கைத்தொலைபேசி இரண்டையும் ஒருசேரப் பதிந்துவிடும்.

ஆயினும் சமூக ஊடகம் ஓர் ஆவணகம் அன்று. ஒரு நூலின் முகப்பட்டையைப் படமெடுத்து இரண்டு வரி புகழ்மொழியுடன் இடுவது வழக்கமாகியுள்ளது. பதிப்பித்தவர் யார், ஆண்டு எது, பிரதி எங்குள்ளது என்பன அங்கு இரா. பாடலைப் பதிவோர் பாடியவர் பெயரையோ, ஊரையோ, எத்தொழிலின் போது பாடப்பட்டது என்பதையோ குறிப்பதில்லை. பத்தாவது கைக்குச் செல்கையில் அது எவருக்கும் உரியதல்லாததாகி, வேறொருவர் பெயரிலும் உலவுகின்றது. விருப்புக்குறிகளின் எண்ணிக்கை ஆக்கத்தின் தரத்துக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுவதும் உண்டு. இவற்றினும் பெரிய குறை நிலையாமை. 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. 2019இல் கூகிள் பிளஸ் மூடப்பட்டது. யாகூ குழுமங்கள் பல்லாண்டுக் கடிதங்களுடன் 2020இல் முடிவுக்கு வந்தன. வணிக நிறுவனம் ஒன்றின் இலாபக் கணக்கு மாறும் நாளில் அதன் வாடிக்கையாளரது நினைவும் மறைந்துவிடும். முன்பு அருமையினால் அழிந்த மலையக எழுத்து, இனிப் பெருக்கத்தின் நடுவே அழியும் அபாயம் தோன்றியுள்ளது எனல் மிகையாகாது.

மற்றொரு பொறுப்பும் நூலகரைச் சார்கின்றது. நாடற்றோராயிருந்த ஒரு சமூகத்தின் பழைய கடவுச்சீட்டு, பதிவுச் சான்றிதழ், விண்ணப்பப் படிவம் ஆகியவை அரிய வரலாற்றுச் சான்றுகளேயாயினும், உயிரோடிருக்கும் மனிதரின் பெயரும் பிறப்பும் குடும்பமும் அவற்றில் அடங்கியுள்ளன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கியதாயினும், அக்காலத்து அச்சம் குடும்பங்களின் நினைவில் உள்ளது. எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைத்தலே முற்போக்கு எனக் கருதுதல் பொருந்தாது. பதிப்புரிமையும் இவ்வாறே கவனத்துக்குரியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து எழுபது ஆண்டுகள் வரை அவ்வுரிமை நிலைக்கும். 1947இல் மறைந்த நடேசய்யரின் எழுத்து இன்று பொதுவுடைமை; 1984இல் மறைந்த சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்து 2054 வரை அவ்வாறாகாது. வறுமையில் உழன்று சொந்தச் செலவில் நூல் வெளியிட்ட எழுத்தாளனின் அனுமதியைக் கேளாது அவன் நூலை வாட்ஸ்அப்பில் விடுதல் தமிழ்ப் பணி ஆகாது.

இறுதியாக, வாசகன் பற்றிய வினா எழுகின்றது. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், வீட்டிலுள்ள ஒரேயொரு கைத்தொலைபேசியைப் பிள்ளைகள் பலர் பகிர்ந்து கொள்ள வேண்டியிருந்ததையும், சமிக்ஞை கிடைக்கும் மேட்டைத் தேடிச் செல்ல வேண்டியிருந்ததையும் தோட்டப்புறம் கண்டது. மின்னூலகம் உலகெங்கும் திறந்திருக்கலாம். லயத்து அறைக்குள் அது நுழைவதற்குத் தரவுக் கட்டணம் ஒரு கதவாக நிற்கின்றது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள ஆய்வாளன் மலையகச் சஞ்சிகையை நொடியில் வாசிப்பதும், அச்சஞ்சிகை யாரைப் பற்றியதோ அவர்களின் பேரப்பிள்ளை அதன் பெயரையும் அறியாதிருப்பதும் நிகழுமாயின், புதிய கருவி பழைய ஏற்றத்தாழ்வையே புதுப்பித்துள்ளது என்றுதான் முடிவு செய்ய நேரும்.

நூலகவியலாளர் சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்பதும் அடங்கும். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்கள் கிராமங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அக்காலத்தின் புதிய கருவி அவ்வண்டி. அதன் பெருமை சக்கரத்தில் இல்லை, அது சென்றடைந்த வாசலில் இருந்தது. மலையக நூலகர் கற்கும் ஒளிவருடியையும் ஒருங்குறியையும் முகநூலையும் அவ்வளவுகோலாலேயே அளத்தல் வேண்டும். முகநூலில் வந்த படம் முறையான விபரத்துடன் மின்னூலகத்துக்குச் செல்லுதல், மின்னூலகத்திலுள்ள கதை அச்சுப்படியாகித் தோட்டப் பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் மீளுதல், அங்கு அதை வாசித்த முதியவரின் திருத்தம் மீண்டும் விபரக் குறிப்பிற் சேருதல் என்னும் சுழற்சி ஏற்படும்போதே இக்கருவிகள் பயன்பட்டவையாகும். இதற்குச் சில கணினிகளை வழங்கித் திறப்பு விழா நடத்துதல் போதாது. பயிற்சி பெற்ற நூலகர்களை நிரந்தர ஊழியராக நியமித்தலும், 2018ஆம் ஆண்டுத் திருத்தம் திறந்துவிட்ட வழியிற் சபைகள் தோட்டங்களுக்குள் நூலகங்களை அமைத்தலும் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் தத்தம் தோட்டத்தின் பெயர்களையும் பாடல்களையும் இதழ்களையும் முறைப்படி பட்டியலிட்டு அந்நூலகருக்குத் துணைநிற்பாராயின், இருநூறு ஆண்டுகளாகப் பிறர் ஏட்டில் எண்ணாக மாத்திரம் இடம்பெற்ற ஒரு சமூகம் தன் ஏட்டைத் தானே எழுதிப் பேணும் நிலை உருவாகும்.