முதுமையடையாத பாட்டு

பினாங்குத் தமிழ்ச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் ‘அலிகேட்ஸ்’ குழுவின் குரல்களாக விளங்கி, மலாய்ப் பாட்டுகளால் இந்நாட்டின் மூவினத்தாரையும் கவர்ந்தனர். லோகநாதன் 2007-இல் மறைந்தார். அதன் பின்னரும் டேவிட் மேடையேறிப் பாடினார். ஈப்போ விருந்து மண்டபத்திலும், தோட்டத்துக் கலியாணக் கொட்டகையிலும் அப்பாட்டுகளுக்குக் கிழவரும் வாலிபரும் ஒருங்கே தலையசைப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

காரணம் யாது? மேனாட்டு வாத்தியங்கள் இரவல்; சுருண்டு பருத்த சிகையலங்காரம் ஒரு காலத்து மோகம். சொல் சிதையாமல், துயரத்தையும் அளவோடு பாடிய லோகநாதனின் குரலே நிலைத்தது என்போம்.

தமிழர் பிறமொழியில் பாடிப் பெயரெடுத்தல் பெருமையாகுமா என வினவுவோர் உளர். தாய்மொழிப் பற்று வேண்டற்பாலதே. ஆயினும், பல இனத்தார் கூடி வாழும் நாட்டில், அண்டை வீட்டான் நெஞ்சை அவன் மொழியிலேயே தொடுவது துரோகமாகாது.

நம்மை உறுத்துவது வேறு. மலாய், சீன இரசிகர்கள் இவர்களிடம் பாட்டைக் கேட்டனர், சாதியைக் கேட்டிலர். இவர்களை ‘நம்மவர்’ என்று மார்தட்டும் நாமோ, தோட்டத்துச் சாவு வீடுகளில் விடிய விடியப் பறையடித்த முதியவரைப் பந்திக்கு வெளியே நிறுத்தினோம். அவர் விரல்களில் பிறந்த தாளமும் கலையே என்பதை எத்தனை பேர் ஒப்பினோம்?

புகழ் பெற்ற கலைஞனுக்கு மாலையிடுதல் எளிது. புகழ் பெறாதவனை அருகில் அமர்த்தி உண்பதே சீர்திருத்தம். மூத்த பாடகரின் செல்வாக்கு நம்மிடம் இவ்வளவேனும் செய்யுமாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் மெய்யான மரியாதை.