எழுதப்படாத உடன்படிக்கை

நீதிமன்றத் தீர்ப்புகளை இலக்கியமாக வாசிக்கும் வழக்கம் நம்மிடையே அரிது. ஆயினும் மனித உறவின் உள்ளறைகளைத் திறந்து காட்டுவதில், சில தீர்ப்புகள் நல்ல புதினங்களுக்குக் குறைந்தவை அல்ல. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 2007 ஏப்ரலில் வழங்கிய 'ஸ்டாக் எதிர் டௌடன்' என்னும் தீர்ப்பு அத்தகையது.

மணம் முடிக்காமலே நெடுங்காலம் இணைந்து வாழ்ந்து, நான்கு மக்களைப் பெற்ற இருவர், 1993-இல் இலண்டனில் இருவர் பெயரிலும் ஒரு வீடு வாங்கினர். விலையில் பெரும்பகுதி பெண்ணின் பணம். எவருக்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டும் அவர்கள் எழுதிவைக்கவில்லை. 2002-இல் பிரிந்தபோது அந்த மௌனமே வழக்காயிற்று. இருவர் பெயரில் உள்ள இல்லத்தில் சமபங்கு என்பதே தொடக்க ஊகம். எனினும், இவர்கள் வரவுசெலவைத் தனித்தனியே வைத்திருந்ததைக் கண்ட சபை, பெண்ணுக்கு 65 விழுக்காடும் ஆணுக்கு 35 விழுக்காடும் உரியன என்றது.

பரோனஸ் ஹேல் எழுதிய முதன்மை உரையின் சிறப்பு, கொடுத்த பணத்தோடு நில்லாமல், வாழ்ந்த முறை முழுவதையும் சான்றாகக் கொண்டதாகும். 1984-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் நின்ற ஒரு பெண்ணை இங்கு நினைத்தல் தகும். 19 ஆண்டுகள் இல்லம் பேணி, இரு பிள்ளைகளை வளர்த்தார். வீடு ஆணின் பெயரில் இருந்தது. அவருக்கு எப்பங்கும் கிடைக்கவில்லை. அதனருகே வைத்தால் ஹேலின் நோக்கு மனிதநேயம் மிக்கது.

குறையும் உண்டு. முடிவை ஏற்ற நியூபெர்கர் பிரபு, வழியை ஏற்கவில்லை. இருவர் உள்ளத்திலும் இல்லாத கருத்தை நீதிபதி அவர்கள்மீது ஏற்றலாகாது என்பது அவரது எச்சரிக்கை. 2011-இல் 'ஜோன்ஸ் எதிர் கெர்னாட்' வழக்கில் உச்ச நீதிமன்றம், பங்கின் அளவைப் பொறுத்தவரை அதற்கும் இடமளித்தது. வீட்டை 90-க்கு 10 எனப் பகிர்ந்தது. முடிவு நேரியதே. ஆனால், ஆசிரியர் எழுதாத வரியைத் திறனாய்வாளரே எழுதிச் சேர்ப்பது போன்றது இது. அவ்வரிக்காக இருவரும் ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது.

திருச்சபை இக்காயத்தை முன்பே கண்டது. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம், பங்குக்குருவும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் இன்றி நிகழும் திருமணம் செல்லாது என்றது. காதலின்மீது கொண்ட ஐயம் அதன் காரணமன்று. மறைவில் ஒருத்தியை மணந்து, பின்னர் அவளைக் கைவிட்டு, ஊரறிய வேறொருத்தியை மணந்தவர்களின் கொடுமையே அச்சங்கம் கூறிய காரணம். சாட்சி எளியவர்க்குக் காப்பு.

அப்படியாயின், மணமின்றி வீடு வாங்கும் இருவரிடம் ஒரு குரு சொல்லத்தக்கது யாது? திருமணத்தின் மேன்மையை அவர் சொல்லியே ஆகவேண்டும். அதோடு நின்றுவிடலாமா? பங்கை எழுதிக்கொள்ளுங்கள் என்று கூறுவது அவ்வாழ்க்கைக்கு ஒப்புதல் அளிப்பதாகும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் எனக்கு ஏற்புடையதன்று. நீதி அருள்சாதனம் பெற்றவர்க்கு மட்டும் உரிய கடன் அன்று. இங்கிலாந்தின் கிரயப் படிவத்தில் பங்கைக் குறிக்க இடமே உண்டு. அங்கு எழுதும் சில வரிகள் திருமணத்திற்கு ஈடாகமாட்டா. ஆயினும், கைவிடப்படுபவர் தெருவில் நிற்பதை அவை தடுக்கக்கூடும்.