பால்காரர் தெவ்யேயின் மகள்

'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' என்னும் 1971ஆம் ஆண்டுத் திரைப்படத்தைக் கண்டவர்கள் பால்காரர் தெவ்யேயை மறந்திருக்க மாட்டார்கள். மரபைப் போற்றிப் பாடி ஆடும் அந்த யூதத் தந்தையைக் கண்டு சிரிக்கிறோம். இறுதியில் கண் கலங்குகிறோம். மூலக் கதைகளைப் படித்தபோதோ, அக்கண்ணீர் சற்று எளிதாகவே கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றிற்று.

கிழக்கு ஐரோப்பிய யூதரின் யித்திஷ் மொழியில் ஷோலம் அலைகெம் (1859–1916) இக்கதைகளை 1894 முதல் 1914 வரை எழுதினார். ஒவ்வொன்றும் தெவ்யே தம் வாயாலேயே எழுத்தாளரிடம் சொல்வது. வறுமையில் உழலும் அவர் நாவில் விவிலியமும் ராபிகளின் உரைகளும் ஓயாமல் புரளும். பாதி சரியாக, பாதி கோணலாக. அந்நாளில் மறைநூல் பள்ளி பொதுவாக ஆண்பிள்ளைகளுக்கே உரியது. தெவ்யேக்கோ எல்லாம் பெண்மக்கள். அவர்களுக்குத் தந்தையின் பேச்சே பள்ளி.

மகளுக்கு மகள் மரபு சரிந்து செல்லும் கதை இது என்பது பலரின் கருத்து. மூத்தவள் செல்வரை மறுத்து ஏழைத் தையற்காரரை மணக்கிறாள். அடுத்தவள் புரட்சிக்காரனான கணவனைத் தேடி நெடுந்தொலைவு செல்கிறாள். ஆயினும், தந்தையிடம் இம்மகளிர் பெற்றது சடங்குகளை மட்டுமா? எதிர்த்து வினவும் துணிவையும் அன்றோ?

மூன்றாமவள் ஹாவா. கிறிஸ்தவரான ஊர் எழுத்தரை விரும்புகிறாள். அவரை இரண்டாம் கார்க்கி என்கிறாள். முதல் கார்க்கி யார் என்று கேட்கிறார் தந்தை. நகைச்சுவை இதோடு நின்றுவிடுகிறது. மகள் பாதிரியார் வீட்டில் இருக்கிறாள். தேடிச் செல்லும் தந்தை வெறுங்கையோடு திரும்புகிறார். (அவர் நம் திருச்சபையினர் அல்லர், ரஷ்ய மரபுவழித் திருச்சபையினர் என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ளலாம். அடைத்த அந்தக் கதவின் மேலும் சிலுவை இருந்திருக்குமே!) தெவ்யே மனைவியைக் காலணி கழற்றித் தரையில் அமரச் சொல்கிறார்: இறந்தவருக்கு யூதர் காக்கும் துக்கம், உயிரோடிருக்கும் மகளுக்கு.

பின்னர்க் காட்டுப்பாதையில் ஹாவா வண்டியை மறிக்கிறாள். அவர் குதிரையை விரட்டிச் செல்கிறார். செல்லும்போதுதான் அந்த எண்ணம் பிடித்துக்கொள்கிறது: யூதர், யூதரல்லாதார் என்று இறைவன் ஏன் படைத்தார்? இது அவர் கேள்வியன்று, மகளின் கேள்வி. மரபு மேலிருந்து கீழே மட்டும் செல்வதில்லை என்பதை இதைவிட நுட்பமாகக் காட்டிய பக்கத்தை நான் படித்ததில்லை. காட்சியழகு மிகுந்த படத்தில் இந்த உள்நெருடல் மங்கிவிடுகிறது.

முடிவும் வேறு. படத்தில் ஹாவா கணவனோடு வேறுவழி போகிறாள். தந்தை மெல்ல முணுமுணுக்கும் வாழ்த்தோடு சரி. 1914ஆம் ஆண்டுக் கதையில், யூதர் ஊரைவிட்டு வெளியேற்றப்படும் நாளில் அவள் திரும்பி வருகிறாள், குடும்பத்தோடு நாடோடியாவதற்காக. அக்கதையின் பெயர், தொடக்கநூல் 12இல் இறைவன் ஆபிரகாமைப் புறப்படச் சொல்லும் எபிரேயச் சொற்களே. காவலரின் ஆணையைத் தெவ்யே அச்சொற்களால்தான் குறிப்பிடுகிறார். மகள் எதிரே நிற்கிறாள். சட்டப்படி அவள் இறந்தவள். என்ன செய்திருக்க வேண்டும் நான், புத்தகங்கள் எழுதும் நீங்களே சொல்லுங்கள் என்று எழுத்தாளரை மடக்குகிறார் அந்த முதியவர். ஷோலம் அலைகெம் வாய் திறக்கவில்லை.