அடமானமும் முன்னோடியும்: வில்லா கேதர், ஸ்டைன்பெக் நாவல்களை முன்வைத்து

அமெரிக்க நாவல்களைப் பற்றிய அறிமுகக் கட்டுரைகளில் 'முன்னோடி மனப்பான்மை' என்னும் தொடர் பெரும்பாலும் புகழுரையாகவே கையாளப்படுகிறது. வறட்சியும் கடனும் நெருக்கியபோதும் மண்ணை விட்டு நீங்காத உறுதியை அது குறிக்கிறது. பழைய இடம் பொய்த்தபோது புதிய இடம் தேடிப் புறப்படும் துணிவையும் அதே தொடர் குறிக்கிறது. ஒன்று தங்குதல், மற்றொன்று நீங்குதல். முரண்பட்ட இவ்விரு குணங்களுக்கும் ஒரே பெயர் சூட்டப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் வழங்கும் 'பயனியர்' என்னும் சொல், காலாட்படை வீரனைச் சுட்டிய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்ததாகும். படைக்கு முன்னே சென்று பாதை வெட்டுபவன் என்பது அதன் பழம்பொருள். நாம் வழங்கும் 'முன்னோடி' என்ற சொல்லில் ஓட்டம் உண்டு, படை இல்லை. மொழிபெயர்ப்பில் நழுவிப்போகும் இந்தப் படையை நினைவிற் கொண்டே இந்நாவல்களைப் படிக்க வேண்டும்.

வில்லா கேதரின் 'ஓ பயனியர்ஸ்!' 1913இல் வெளிவந்தது. ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலம் உரிமையாகும் என்று 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வகுத்தது. அச்சட்டத்தை நம்பி நெப்ராஸ்கா சமவெளிக்கு வந்த சுவீடன் நாட்டார் ஒருவரின் குடும்பமே இந்நாவலின் களம். குடும்பத் தலைவர் ஜான் பெர்க்சன் பதினோர் ஆண்டு உழைத்துவிட்டு நாற்பத்தாறாம் வயதில் மரணப் படுக்கையில் கிடக்கிறார். அந்தப் பதினோர் ஆண்டுகளில் முதல் ஐந்தாண்டு கடன்படுவதிலும், எஞ்சிய ஆறாண்டு அக்கடனைத் தீர்ப்பதிலும் கழிந்தன. மிஞ்சியது 640 ஏக்கர் நிலம். அதிற் பாதி, போராட்டத்தைக் கைவிட்டுச் சிக்காகோவில் ரொட்டிக் கடை வேலைக்குத் திரும்பிய தம்பி விட்டுச்சென்றது. இச்செய்தியைக் கேதர் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். ஆயினும் நாவலின் திறவுகோல் இதுவே என்பது என் கருத்து. இங்கு ஒருவர் ஊன்றி நிற்பதற்கு மற்றொருவர் விட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது.

தந்தைக்குப் பின் பொறுப்பேற்கும் மகள் அலெக்சாண்ட்ராவைத் திறனாய்வாளர்கள் மண்ணின் மகளாகப் போற்றுவர். நிலத்தை அன்போடு நோக்கிய முதல் மனித முகம் அவளுடையது என்னும் கருத்துப்பட ஆசிரியரும் எழுதுகிறார். ஆனால் அவள் செய்யும் கணக்கை நாம் மறந்துவிடலாகாது. மூன்றாண்டு வறட்சியில் அண்டை வீட்டார் ஒவ்வொருவராக நிலத்தை விற்றுக் கிளம்புகின்றனர். அவளுடைய நெருங்கிய நண்பன் கார்லின் தந்தை செயிண்ட் லூயிஸ் நகரச் சுருட்டுத் தொழிற்சாலையில் பழைய வேலைக்கே திரும்புகிறார். அவ்வேளையில் அலெக்சாண்ட்ரா சொந்த நிலத்தை அடமானம் வைத்து, போகிறவர்களின் நிலத்தை வாங்க முடிவெடுக்கிறாள். கடன் என்றாலே அஞ்சும் தம்பிமார் லூவும் ஆஸ்கரும் தயங்குகின்றனர். தந்தை இறந்து பதினாறு ஆண்டுகள் ஆன நிலையில் கதை மீண்டும் தொடங்கும்போது அவள் அப்பகுதியின் பெருஞ்செல்வர்களுள் ஒருத்தி. அவள் கயமை செய்தவள் அல்லள், யாரையும் ஏமாற்றவுமில்லை. ஆயினும் அவளுடைய மண்பற்று பலன் தந்தமைக்குப் பிறருடைய தோல்வியும் வங்கிக் கடனும் இன்றியமையாதனவாக இருந்தன.

இதே அடமானம் கால் நூற்றாண்டுக்குப் பின் ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1939இல் வந்த இந்நாவலின் ஐந்தாம் இயல், டிராக்டரால் வெளியேற்றப்படும் ஒக்லஹோமா குத்தகை உழவர்களின் வாதத்தைத் தொகுத்துரைக்கிறது. பாட்டன் செவ்விந்தியரைக் கொன்று இந்நிலத்தைப் பிடித்தார். தந்தை இங்கே பிறந்து களையையும் பாம்பையும் கொன்றார். பிறகு ஒரு கெட்ட ஆண்டு வந்தது. சிறிது கடன் வாங்க நேர்ந்தது. அத்தோடு நிலம் வங்கிக்குப் போய்விட்டது. டிராக்டரில் அமரும் ஒருவன் பன்னிரண்டு, பதினான்கு குடும்பங்களின் இடத்தை நிரப்புவான் என்பதே மறுதரப்பின் விடை.

இப்பகுதியை உழவர் பக்க நியாயமாக மட்டும் படிப்பது வழக்கம். எனக்கு அது தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும் வாதமாகவே தோன்றுகிறது. கொன்று பிடித்ததனால் நிலம் எங்களுடையது என்று சொல்பவர்கள், வலிமை மிக்க வேறொருவர் வரும்போது எதைச் சொல்லித் தடுக்க முடியும்? ஜோட் குடும்பத்தின் ஊராகிய சல்லிசா, 1830களில் தம் தாயகத்திலிருந்து விரட்டப்பட்ட செரோக்கி இனத்தாருக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் அமைந்தது என்பதையும் இங்குச் சேர்த்து எண்ண வேண்டும். நாவல் இதனைக் கூறவில்லை. முன்னோடியின் பட்டயத்திலேயே அவனை வெளியேற்றும் ஆணையும் எழுதப்பட்டிருந்ததை ஸ்டைன்பெக் உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறேன். அவருடைய உழவர்கள் உணரவில்லை.

அவருடைய 'மக்களின் தலைவர்' என்னும் சிறுகதையும் இதற்குத் துணைநிற்கிறது. சமவெளியைக் கடந்து ஒரு வண்டித்தொடரை மேற்கே நடத்திவந்த முதியவர், அதே கதையை ஓயாமல் சொல்லி மருமகனைச் சலிப்படையச் செய்கிறார். வந்து சேர்ந்ததன்று, மேற்கு நோக்கிய அந்தப் பெருநகர்வே முக்கியம் என்று பேரனிடம் அவர் மனம் திறக்கிறார். முன்னே கடல் தடுத்துவிட்டதால் அதனை வெறுத்தபடி கரையில் கிழவர்கள் நிற்கிறார்களாம். நெடிய நாவலைக் காட்டிலும் இச்சிறுகதையில் நுட்பம் கூடுதல் எனலாம்.

நாவலில் அப்பழைய குணம் நிலத்தை விட்டு நீங்கி மனிதரிடம் குடியேறுகிறது. பாட்டனார் பயணத்தின் முதல் நாளிலேயே இறந்து சாலையோரத்தில் புதைக்கப்படுகிறார். பாட்டி பாலைவனத்தைக் கடக்கும் இரவில் உயிர்விட, சோதனைச் சாவடியில் அதை மறைத்து, விடியும்வரை பிணத்தின் அருகே படுத்திருக்கிறாள் தாய். நிலமற்ற முன்னோடி இவள். வண்டிக்குள் இருப்பவரைச் சிதறவிடாமல் காப்பது அவளுடைய பணி. நாவல் வளர வளரக் 'குடும்பம்' என்னும் எல்லை விரிந்து, இறுதியில் முன்பின் அறியாத, பசியால் சாகக்கிடக்கும் ஒருவனையும் உள்ளடக்குகிறது. இறந்து பிறந்த குழந்தையின் தாயாகிய ரோஸ் ஆஃப் ஷாரன் அவனுக்குப் பாலூட்டும் முடிவு மிகையானது என்று கண்டித்தோர் உளர். என் வாசிப்பில், நிலவுரிமையின் மொழியே இல்லாத ஒரு செயலை நாவல் அங்குதான் சென்றடைகிறது.

எனினும் அந்த எல்லை எதுவரை விரிந்தது என்று கேட்டாக வேண்டும். நாவலுக்கு முன், 1936இல் சான் பிரான்சிஸ்கோ நாளேடு ஒன்றில் ஸ்டைன்பெக் எழுதிய கட்டுரைத் தொடர், 1938இல் 'அவர்களின் இரத்தம் வலியது' என்ற தலைப்பில் சிறுநூலாயிற்று. வந்திருப்போர் பழைய முன்னோடிகளின் வழித்தோன்றல்கள், ஆகவே முன்பிருந்த சீன, ஜப்பானிய, மெக்சிகோ, பிலிப்பினோ தொழிலாளரைப்போல இவர்களை நடத்த இயலாது என்பது அதன் வாதங்களுள் ஒன்று. முன்னோடி மனப்பான்மை இங்கு இரத்த உரிமையாகிவிடுகிறது. அதே பத்தாண்டில் மெக்சிகோ வம்சாவளியினர் இலட்சக்கணக்கில், அமெரிக்கக் குடிமக்கள் உட்பட, எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டனர். நாவலின் பத்தொன்பதாம் இயல், கலிபோர்னியா மெக்சிகோவிடமிருந்து பறிக்கப்பட்டதை ஒளிவின்றிச் சொல்கிறது. அயலினத் தொழிலாளர் அடிமைகளாக இறக்குமதியானதையும் சொல்கிறது. ஆனால் ஜோட் குடும்பம் பழம் பறிக்கும் தோட்டங்களில் அவர்களுள் ஒருவர்கூடப் பெயருடன் பேசும் பாத்திரமாக வரவில்லை. இதனைக் கலைக்குறை என்பதா, அரசியல் உத்தி என்பதா? வெள்ளை வாசகரின் மனச்சாட்சியைத் தொட அவர் தெரிந்தே கொடுத்த விலை என்று கருதுகிறேன், விலை அதிகம்.

இவ்விடத்தில் சனோரா பாப் என்னும் எழுத்தாளரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அரசாங்க முகாம்களில் அகதிகளிடையே பணியாற்றிய அவர் 1930களின் இறுதியில் எழுதிய நாவல், ஸ்டைன்பெக்கின் நாவல் முந்திக்கொண்டதால் பதிப்பாளரால் ஒதுக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில்தான் அது ஒக்லஹோமா பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழி வெளிவந்தது. ஒக்லஹோமாவின் வடமேற்கு மூலையில், புழுதிப் புயல் உண்மையாகவே வீசிய நிலத்தில் அது தொடங்குகிறது. புழுதி படிந்த நாள்களைத் தேதிவாரியாகக் குறித்துவைக்கும் ஒரு பெண்ணின் நாட்குறிப்பு அதில் இடம்பெறுகிறது. அங்கே பாட்டனின் வீரமோ இரத்தத்தின் வலிமையோ உரிமைச் சான்றாக முன்னிறுத்தப்படுவதில்லை. 'ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்நோன்', அதாவது 'எவர்தம் பெயர்கள் அறியப்படவில்லையோ அவர்கள்' என்னும் அதன் தலைப்பு, வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் சட்ட அறிவிப்பிலிருந்து எடுக்கப்பட்டது.