கண்முன்னே ஓடும் கணினி: 6502 கிட்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கும் பிள்ளைகள் தருக்கப் படலைகளை வரைகிறார்கள், உண்மை அட்டவணை நிரப்புகிறார்கள். அந்தப் படலைகளெல்லாம் சேர்ந்து ஒரு கணினியாவதைக் கையால் தொட்டறியும் வாய்ப்பு அவர்களில் அநேகருக்கு இல்லை. பென் ஈட்டர் என்பவர் வடிவமைத்த 6502 கிட் அதைத்தான் தருகிறது. கண்டி மஹய்யாவயில் என் மேசையில் அதைப் பூட்டிப் பார்த்தேன்.

1975இல் வந்த 6502 நுண்செயலிதான் ஆப்பிள் 2 கணினிக்கும் மூளை. கிட்டில் இருப்பது அதன் இன்றைய வடிவமான டபிள்யூ65சி02. 40 கால்கள். அவற்றில் 16 முகவரிக்கு, 8 தரவுக்கு. நினைவகம் உள்ளே கிடையாது. 32 கிலோபைட் ஈப்ரொம், ராம், எல்.சி.டி. திரை எல்லாவற்றையும் நாமே வயரால் இணைக்க வேண்டும். எந்த முகவரிக்கு எந்தச் சிப் பதில் சொல்வது என்பதை ஒரு சாதாரண நாண்ட் படலைச் சிப் தீர்மானிக்கிறது. பாடப்புத்தகத்துப் படலைக்கு இங்கேதான் வேலை கிடைக்கிறது.

முதற் பரிசோதனைக்கு நினைவகமே வேண்டாம். எட்டுத் தரவுக் கால்களையும் தடையிகள் வழியாக 11101010 என்று கட்டிவிட்டால், செயலி எங்கே படித்தாலும் ‘ஒன்றும் செய்யாதே’ என்ற கட்டளையே கிடைக்கும். ரீசெட் அழுத்தியதும் எப்.எப்.எப்.சி. என்ற முகவரியைத் தேடிப்போகிறது. அதன் பிறகு, அங்கே படித்த முகவரியிலிருந்து ஒன்றொன்றாக ஏறும், ஒவ்வொன்றும் இரண்டு கடிகாரத் துடிப்புக்கு நிற்கும். பழைய 6502இன் கடிகாரத்தை இப்படி நிறுத்திவைக்க முடியாது, இதில் முடியும். துடிப்பை ஒவ்வொன்றாகக் கொடுக்கும் பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். இந்தக் கிட்டின் மிகப் பெரிய பலம் இதுதான்.

இதோடு ஒப்பிட்டால், அர்டுயினோ ஊனோ பலகையில் நினைவகமும் செயலியும் ஒரே சிப்புக்குள் அடக்கம். விளக்கை மினுக்க சில நிமிடம் போதும், உள்ளே நடப்பதோ தெரியாது. வேகமாக ஒரு கருவி செய்ய அது நல்லது. கணினியைப் படிக்க இந்தக் கிட்டே நல்லது.

குறைகளும் உண்டு. ஈப்ரொமில் நிரலை எழுதும் கருவி கிட்டோடு வராது, தனியாக வாங்க வேண்டும். தபால் செலவையும் வரியையும் சேர்த்தால் ஒரு மாணவனுக்குப் பாரம்தான். விளக்கக் காணொளிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பயன்படாத உள்ளீட்டுக் கால்களை அந்தரத்தில் விட்டால், கை கிட்டே போனாலே செயலி தடுமாறும். அவற்றை 5 வோல்ட்டில் கட்டிவிடுங்கள். மின்வெட்டு நேரத்தில் பவர் பேங்க் கைகொடுக்கும். ஆனால் சுற்று இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவென்பதால் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். அப்படி அணைந்து, ராமில் இருந்தது அழிந்து ஈப்ரொமில் எழுதியது மட்டும் மிஞ்சும்போது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரேயடியாகப் புரிந்துவிடும்.

தனியாளாக வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடசாலைக்கு ஒன்று, எழுதும் கருவியோடு சேர்த்து வாங்கினால் பல வருடம் பாவிக்கலாம், சிப்புகளைக் கழற்றி மீண்டும் பூட்டலாம். கண்டியிலுள்ள தமிழ்ப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களே, அடுத்த உதவியாக இதைக் கொடுங்கள். 12ஆம் தரத்துப் பிள்ளைகளிடம் முதலில் அந்தப் பொத்தானைக் கொடுங்கள்.